மேட்டின் மேல் மலாக்கி மாமா

படப்பிடிப்புக் குழு எங்கள் ஊரை விட்டுக் கிளம்பியது ஓர் அக்டோபர் மாதச் செவ்வாய்க்கிழமை. மழை பெய்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வட அயர்லாந்தில் அதையெல்லாம் சொல்பவர்கள் வெளியூர்க்காரர்கள். கல்குவாரிக்குள் எட்டு வருடமாக நின்ற கோட்டையைப் பிரித்து, அட்டைச் சுவர்களையும் ரப்பர் கோடரிகளையும் லாரிகளில் ஏற்றினார்கள். கடைசி லாரியின் பின்பக்கம் ஒரு செத்த குதிரையின் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பஞ்சடைத்த குதிரைதான். ஆனாலும் வேலியோரம் நின்ற டிம்ப்னா அத்தை, "ஐயோ பாவம்" என்றார்.

அதற்கு முந்தின வாரம்தான் நான் ஊர் திரும்பியிருந்தேன். பெரு, லாவோஸ், நியூஸிலாந்து என்று ஐந்து வருடம் அலைந்துவிட்டு வந்தவளிடம் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "அங்கல்லாம் ஒன்பது கோட்டை காட்டுறாங்களா?" என்பதுதான்.

'ஒன்பது கோட்டை' என்பது தொலைக்காட்சித் தொடர். படைத்தலைவி தெஸ்ரா, கொடுங்கோல் அரசனிடமிருந்து ஒன்பது கோட்டைகளை மீட்கிற கதை. எடுத்தது எட்டு வருடம்; வருடத்துக்கு ஒரு கோட்டை என்று கணக்கு வைத்தாலும் ஒரு கோட்டை இடிக்கிறது. அதை அப்போதே யாராவது யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை. உலகமே பார்த்தது. எங்கள் ஊர் பார்த்தது மட்டுமல்ல, அதில் செத்தும் போனது.

மலாக்கி மாமா என் அம்மாவின் அண்ணன். தீவனக் கடையில் மூட்டை தூக்குபவர். இலையுதிர் காலம் வந்தால் தெஸ்ராவின் படையில் ஈட்டி வீரர். கடை முதலாளி விடுமுறை கொடுப்பாரா என்ற கேள்வியே எழவில்லை. முதலாளியும் அதே படையில் நாலாவது வரிசை. தாடி வளர்க்கத் தெரிந்த ஆண்கள் அத்தனை பேரையும் குழு வாடகைக்கு எடுத்திருந்தது. அந்த மாதங்களில் எங்கள் தேவாலயத்தின் திருப்பலிக்கு வந்தால், நாடு கடத்தப்பட்ட வைக்கிங்குகள் பாவமன்னிப்புக்கு வந்ததுபோல இருக்கும்.

மாமாவுக்கு அகலமான முகம். மாட்டுச் சந்தைக் கூட்டத்தில் தொலைந்தாலும் சட்டென்று கண்டுபிடித்துவிடலாம். அப்படிப்பட்ட முகம் எட்டு வருடத்தில் ஒரு முறைகூடத் திரையில் வரவில்லை. தலைக்கவசம் மறைத்தது, புகை மறைத்தது, குதிரை மறைத்தது. மிச்ச நேரமெல்லாம் சேற்றில் குப்புற விழுந்து செத்துக் கிடந்தார். ஒவ்வொரு வாரமும் அவர் மனைவி டிம்ப்னா அத்தை தொலைக்காட்சியை நிறுத்தி நிறுத்தித் தேடுவார்.

"அந்தா, அந்த முழங்கை! உன்னோடதுதான?"

"அது யூயெலோட முழங்கை."

"யூயெல் எதிரிப் படையாச்சே."

"அதான் அவன் முழங்கை என் கழுத்துல இருக்கு."

யூயெல் ஹன்னா ஆடு வளர்ப்பவர். அவர் புராட்டஸ்டன்ட், நாங்கள் கத்தோலிக்கர். அவர் போகும் தேவாலயம் வேறு, தூக்கும் கொடி வேறு, ஜூலை மாதம் அணிவகுக்கும் தெரு வேறு. எங்கள் ஊரில் இதற்கெல்லாம் பெரிய வரலாறு உண்டு. விளக்கினால் ஒன்பது கோட்டையைவிடக் குழப்பமாக இருக்கும். தொடரில் அவர் மாமாவை மூன்று முறை கொன்றார். கொன்று முடித்ததும் இரண்டு பேரும் கூடாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டூ சாப்பிட்டார்கள். அதற்கு முன் முப்பது வருடம் அவர்கள் பேசிக்கொண்டது வானிலையைப் பற்றி மட்டும்.

லாரிகள் போன அந்தச் செவ்வாய்க்கிழமை, மாமா என்னைக் குவாரி வாசலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"யார்கிட்டயும் சொல்லாத, நீவ். கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். உன் அத்தைகிட்டகூடச் சொல்லல."

"அப்புறம் எங்கிட்ட மட்டும் ஏன் சொல்றீங்க?"

"நீ எப்படியும் அடுத்த மாசம் எங்கயாவது ஓடிப்போற ஆளு."

அது உண்மைதான். சொன்னார். கடைசிப் போர்க் காட்சியில் கொடி பிடிக்க வேண்டிய நடிகன் வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டானாம். இருட்டப் போகிறது. இயக்குநர் அம்மாள் சுற்றிலும் பார்த்து மாமாவைக் கை காட்டியிருக்கிறார்.

"தலைக்கவசத்தக் கழட்டச் சொன்னாங்க. செத்துக் கெடக்குறவங்க நடுவுல நடந்து, மேட்டு உச்சிக்குப் போயி கொடிய நட்டேன். கேமரா எங்க இருந்துச்சு தெரியுமா? இங்க." உள்ளங்கையை மூக்குக்கு முன்னால் வைத்துக் காட்டினார். "இங்க இருந்துச்சு."

"நல்லா வந்துச்சா மாமா?"

"ஒரே டேக்குதான். வேற எடுக்க வெளிச்சமில்ல."

"சரி, கதை எப்படி முடியுது?"

மாமா மழையைப் பார்த்தார்.

"என் பகுதி நல்லா இருக்கு" என்றார்.

அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காமல் இருப்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நல்ல பழக்கம் உண்டு. போலீஸ்காரர்கள் கேட்டே சொல்லாதவர்கள், தொலைக்காட்சிக் கம்பெனிக்காகவா சொல்லப் போகிறார்கள். ஆனால் முகம் திரையில் வரப் போகிற மனிதரால் முழுக்கச் சும்மா இருக்கவும் முடியவில்லை. கடையில் மூட்டையைத் தூக்கி வண்டியில் வைக்கும்போதெல்லாம், "கடைசிப் பகுதிய மட்டும் தவற விட்டுறாதீங்க" என்பார். கண் பளபளக்கும்.

ஊர் அந்தப் பளபளப்பைத் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொண்டது. அத்தைக்குச் சந்தேகமே இல்லை. "தெஸ்ரா ஜெயிக்கிறா. இந்த மனுஷன் எங்க கல்யாணத்துல கண் கலங்கல, இப்பக் கலங்குறாரு" என்று எல்லோரிடமும் சொன்னார். கடைசிப் பகுதியைத் தேவாலயக் கூடத்தில் பெரிய திரை கட்டிப் போடுவது என்று முடிவானது. யூயெலின் தேவாலயத்துக்காரர்களும் வரலாம் என்றார்கள். வந்தார்கள். எங்கள் கூடத்துக்குள் அவர்களில் பலர் காலெடுத்து வைத்தது அதுவே முதல் முறை. மேரி மாதா சிலையைத் தாண்டும்போது எல்லோரும் திடீரென்று கூரையின் அழகைக் கவனித்தார்கள். நல்லவேளை, இரண்டு பக்கத்துக்காரர்களும் ஒரே முட்டை சாண்ட்விச்சைத்தான் செய்து கொண்டுவந்திருந்தார்கள்.

நானும் இருந்தேன். இரண்டு முறை ஓடிப்போய், இதற்காகவே திரும்பி வந்திருந்தேன். மாமா கல்யாணக் கோட்டு போட்டு, தாடியைச் சீவி, முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

போர் தொடங்கியது. மேடு வந்தது. மாமா டையைச் சரி செய்தார். மேட்டின் மேல் புகை. புகைக்குள்ளிருந்து கடற்பறவைகள். கம்ப்யூட்டரில் செய்த கடற்பறவைகள், ஏராளமாக, நிதானமாக, எங்கேயும் போகாமல் பறந்தன. பறவைகள் விலகியபோது கொடி ஏற்கெனவே உச்சியில் நின்றது, தானாக முளைத்ததுபோல.

மாமா பாதி எழுந்தார். பிறகு உட்கார்ந்தார்.

மிச்சத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அல்லது பார்த்தவர்கள் உங்களிடம் புலம்பியிருப்பார்கள். தெஸ்ரா ஒன்பதாவது கோட்டையின் கதவைத் தட்டுகிறாள். அரசன் வெளியே வருகிறான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். அப்போது கடல் வந்து எல்லாவற்றையும் மூழ்கடிக்கிறது. தெஸ்ரா, அரசன், ஒன்பது கோட்டை, எட்டு வருடம், எல்லாம். கடைசிக் காட்சியில் ஒரு நண்டு மகுடத்தின் மேல் ஏறி நிற்கிறது. கடல்தான் கதையின் உண்மையான நாயகன் என்று தயாரிப்பாளர்கள் பிறகு பேட்டியில் விளக்கினார்கள். அந்தக் கடல் அதற்கு முன் ஒரு பகுதியில்கூட வந்ததில்லை.

கூடத்தில் யூயெல்தான் முதலில் பேசினார்.

"நண்டா?"

பின்னாலிருந்து யாரோ, "இரு, இன்னும் இருக்கும்" என்றார்கள். பெயர்கள் ஓடின. இன்னும் இல்லை.

"எட்டு வருஷம் சேத்துல கெடந்தோம்டா. நண்டா?" என்றார் யூயெல் மறுபடியும்.

அத்தை மெதுவாகத் திரும்பினார். "மனுஷா, இதத்தான் தவற விடாதீங்கன்னு சொன்னியா?"

"நான் அதச் சொல்லல, டிம்ப்னா."

"பின்ன எதச் சொன்ன? பறவையவா?"

மாமா பெயர்களின் வரிசையைக் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தார். படத்துக்குச் சாப்பாடு போட்டவர்களின் பெயர்கூட வந்தது.

இரண்டு தேவாலயத்துக்காரர்களும் ஒன்றாக நின்று ஒரே ஆளைத் திட்டியது ஊர் வரலாற்றில் அன்றுதான். பெரிய பெரிய தலைவர்கள் வருடக்கணக்கில் பேசியும் வராத ஒற்றுமை, ஒரு நண்டால் வந்தது. அடுத்த நாளே மாமா வீட்டு வாசல் கேட்டில் ஒரு பிளாஸ்டிக் நண்டு தொங்கியது. கடைக்கு வந்தவர்கள் முகத்தைக் கல்போல வைத்துக்கொண்டு, "நண்டுத் தீவனம் இருக்கா மலாக்கி?" என்றார்கள். முடிவை எழுதியவர்கள் கடலுக்கு அப்பால் எங்கோ இருந்தார்கள். மாமா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். வேறென்ன வேண்டும்?

"உண்மையச் சொல்லிருங்க மாமா. இப்பத்தான் படம் வந்துருச்சே" என்றேன்.

"என்னன்னு சொல்றது? வராத மூஞ்சியப் பாக்கத்தான் எங்கள உக்கார வெச்சியான்னு கேப்பாங்க." பிறகு, "மூஞ்சி சரியில்லபோல. எடுத்துப் பாத்துட்டு வேணாம்னு பறவைய வெச்சுட்டாங்க" என்றார்.

எங்கள் ஊரில் கொலைக்கு மன்னிப்பு உண்டு, பெருமை பேசியதற்குக் கிடையாது. அதனால் அவர் சொல்லவே இல்லை. அன்று மாலையே தாடியை மழித்தார். அதன் பிறகு யார் வீட்டுக் கல்யாணத்திலும் புகைப்படம் எடுக்கும்போது பின் வரிசையில், உயரமான யாராவது ஒருவருக்குப் பின்னால் போய் நின்றார். அவரைவிட உயரமானவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லாததால் கொஞ்சம் குனிந்தும் நின்றார். "முதுகு வலிக்குதா?" என்று அத்தை கேட்பார். "ஆமா" என்பார். நண்டைப் பற்றி ஒரு வார்த்தை பதில் பேசாத மனிதர், கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்வதைக்கூட விட்டுவிட்டு, சமையலறை ஜன்னலோரம் தடவித் தடவிச் செய்துகொண்டார்.

நான் அந்தக் கம்பெனிக்கு எழுதினேன். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று இயந்திரம் பதில் சொன்னது. மறுபடி எழுதினேன். இயந்திரம் மறுபடி நன்றி சொன்னது. பெயர்கள் ஓடியபோது வந்த படத்தொகுப்பாளர்களைத் தேடித் தேடி ஒவ்வொருவருக்கும் எழுதினேன். யாரும் பதில் போடவில்லை. பிறகு ஜார்ஜியாவில் ஒரு குளிர்காலம், மொராக்கோவில் ஒரு கோடை என்று வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தேன். தொடரை உலகம் மறந்தது. எங்கள் ஊர் மறக்கவில்லை, ஆனால் சொல்லிக்காட்டுவதைக் குறைத்துக்கொண்டது.

மூன்று வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாமா வீட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. முதல் வரியைப் படித்ததும் போனை அவரிடம் நீட்டினேன். அவர் கையைத் துடைத்து, மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார்.

"சத்தமாப் படி, மனுஷா" என்றார் அத்தை. மாமா படித்தார்:

"உங்கள் மாமாவின் காட்சியை வெட்டியவள் நான்தான். அந்த வேலையை விட்டுவிட்டேன், அதனால் இப்போது சொல்கிறேன். எட்டு வருடத்தில் எங்களுக்குக் கிடைத்த முகங்களிலேயே அதுதான் நல்ல முகம். அறையில் இருந்த எல்லோரும் அதையே சொன்னார்கள். ஆனால் கொடியை நட்டதும் அவர் திரும்பி, கீழே செத்துக் கிடந்தவர்களைப் பார்த்து, நிதானமாகச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். எங்கள் கதை நடக்கிற உலகத்தில் இயேசு பிறக்கவே இல்லை. கையை மட்டும் அழிக்க ஒரு வாரம் முயன்றோம். கையை அழித்தால் முகமும் கெட்டது. வேறு வழியில்லாமல் பறவைகளை விட்டோம். காட்சியை இதோடு அனுப்புகிறேன். இதை யாருக்கும் காட்டக் கூடாது என்பது விதி. எல்லோருக்கும் காட்டுங்கள். நண்டு என் யோசனை இல்லை."