இடுப்பில் அழுத்திய கை

பிரசவக் கட்டிலின் கால்மாட்டில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், இரும்புக் கைப்பிடி ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றினால் கட்டில் ஏறும், இறங்கும். செய்தவர்கள் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது ஒரு பிரசவத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால், ரத்தமும் பனிக்குட நீரும் விழ வாளி வைக்கிற இடத்தில் போய் அதைப் பொருத்தியிருக்க மாட்டார்கள். அந்தக் கைப்பிடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அக்காவின் ஞாபகம் வரும். கூடவே கோபமும் வரும்.

அக்கா என் உடன்பிறந்தவர் அல்ல. காரைக்காலில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் எனக்குக் கொஞ்சம் மூத்த நர்ஸ். நல்ல உயரம். ஒட்டடை அடிக்க ஏணி வேண்டாம், அக்கா இருக்கிறார் என்று கேலி செய்வோம். அந்த உயரமே அவருக்கு வினையாயிற்று. மண்டபத்தூரிலிருந்தோ அம்பகரத்தூரிலிருந்தோ வலியோடு ஆட்டோவில் வந்து இறங்கும் பெண்ணால் உயரமான கட்டிலில் காலைத் தூக்கி வைத்து ஏற முடியாது. அதனால் கட்டிலைத் தாழ்த்தியே வைத்திருப்போம். அவள் படுத்த பிறகு உயர்த்தலாமே என்று கேட்பீர்கள். வாளியை நகர்த்தி, தரையில் மண்டியிட்டு, உப்புக்காற்றில் துருவேறிய அந்தக் கைப்பிடியை ஆள் பாரத்தோடு சுற்ற வேண்டும். குழந்தையின் தலை தெரிகிற நேரத்தில் யார் அதைச் செய்வது? குனிவதே சுலபம் என்று குனிந்தோம். பிரசவம் பார்க்கக் குனிந்தோம், தையல் போட இன்னும் அதிகமாகக் குனிந்தோம்.

அக்கா குனிந்தால் நான் பின்னால் நின்று, கையை முஷ்டியாக்கி அவர் இடுப்பில் அழுத்துவேன். நான் குனிந்தால் அவர் அழுத்துவார். எப்போது தொடங்கினோம் என்று நினைவில்லை. “அங்கதான்டி, கொஞ்சம் கீழ, கைய எடுத்துடாத” என்பார். அதே மூச்சில் கட்டிலில் கிடப்பவளிடம், “முக்கும்மா, தல வந்துருச்சு பாரு” என்பார்.

ஒருநாள் குழந்தையைக் கையில் வாங்கியவரால் நிமிர முடியவில்லை. வளைந்தபடியே, “புள்ளய வாங்கு மொதல்ல” என்று என்னிடம் நீட்டினார். அப்போதும் அந்த அறையை விட்டுப் போக அவருக்கு மனமில்லை. குழந்தையின் முதல் அழுகையைக் கேட்காத நாள் சோறு இறங்காத ஆள் அவர். கேட்டது ஒன்றுதான்: காலால் மிதித்தால் ஏறுகிற கட்டில். அதிகாரி ஒருவர் வந்தார். காலிக் கட்டிலின் கைப்பிடியைத் தானே சுற்றிப் பார்த்தார். “ஏறுதுல்ல சிஸ்டர்? நீங்க யூஸ் பண்றதில்ல, அதான்” என்றார்.

“அது காலிக் கட்டிலுங்க சார்” என்றேன். அவர் கை துடைக்கத் துணி தேடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் அக்காவை ஊசி போடும் அறைக்கு மாற்றினார்கள். உங்கள் நல்லதுக்குத்தான் என்றார்களாம். அன்றுதான் அவர் அழுததைப் பார்த்தேன். “கட்டில மாத்தச் சொன்னேன், என்னய மாத்திட்டாங்க பாத்தியா” என்றார்.

அதற்குப் பிறகு என் பின்னால் நிற்க ஆளில்லை. புதிதாக வந்த நர்ஸ் பிள்ளைகளிடம் கேட்கக் கூச்சம். என் இடுப்பும் இப்போது பேச ஆரம்பித்துவிட்டது. கேட்டால் என்னையும் மாற்றிவிடுவார்கள் என்ற பயத்தில் வாயைத் திறப்பதில்லை.

சென்ற மாதம் அக்கா தன் மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்தார். ஓய்வுபெற்று, முடி நரைத்து, கொஞ்சம் சாய்ந்தே நடக்கிறார். தலைமாட்டில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை தெரிந்தது. குனிந்தேன். இடுப்பில் சுரீரென்று பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன், சத்தம் வரவில்லை என்றுதான் நினைத்தேன். அப்போது ஒரு முஷ்டி சரியாக அந்த இடத்தில் வந்து அழுத்தியது. மகளின் கையை விட்டுவிட்டு அவர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

“ஒனக்குமாடி?” என்றார்.

குழந்தை என் கைக்கு வந்துகொண்டிருந்தது. கண் கலங்கியதில், வாளிக்குப் பின்னால் இருந்த அந்தக் கைப்பிடி மட்டும் மங்கலாகத் தெரிந்தது.