கலியாணப் பரீட்சைக்கு மைக் குத்தினவன்

ஒரு ஊரிலே ஒரு ராசாவாம், ராசாவுக்கு ஒரு மகளாம் என்று கதை கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது என் தொழில், அந்த ராசாமகளின் சட்டையில் மைக் குத்துவது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணுமான சோடிகள் கலியாணத்துக்குத் தயாரா என்று சோதிக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சி. எங்கள் நகரத்தின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு அப்பார்ட்மென்டில் அவர்களைக் குடிவைத்துப் படம் பிடிப்பார்கள். ஆரோ ஒருவரின் வீட்டுச் சண்டையைக் காதில் மாட்டிக்கொண்டு, தும்மலையும் விழுங்கிக்கொண்டு நிற்கிற ஒலிப்பதிவுக்காரரே, என் நோவு உங்களுக்கு விளங்கும்.

முதல் நாள்

தர்சினி இதே நகரத்துப் பியர்பொன்ட்ஸில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மருத்துவத் தாதி. அவள் கட்ட விரும்பியவள் மரீன், இங்கத்தைய பிரெஞ்சுக்காரி, பஸ் ஓட்டுகிறவள். மைக் குத்தும்போது என் பேரைக் கேட்டதும் தர்சினி நிமிர்ந்து பார்த்தாள். "தம்பி தமிழோ? எனக்குக் கோவம் வந்தா வாயில தமிழ்தான் வரும். அப்ப மட்டும் உந்தக் காதில கிடக்கிறதைக் கழட்டிப்போடும்."

பிரிஜ் இரைச்சல்

"உன் அம்மா இன்னும் என்னை உன்னோடு வாடகைக்கு இருக்கிறவள் என்றுதான் சொல்கிறாவா?" என்று மரீன் ஒருநாள் கேட்டாள். தர்சினி அழுதாள். உண்மையான அழுகை. ஆனால் பின்னால் பிரிஜ் இரைந்தது, என் காதில் அதுதான் பெரிதாகக் கேட்டது. இயக்குநர் பிரிஜை நிறுத்திவிட்டு, அதே அழுகையைத் திரும்ப அழச் சொன்னார். மரீன் அவரைப் பார்த்து அமைதியாகச் சொன்னாள்: "எங்களைவிடப் பிரிஜ்தான் நன்றாக அழுதது. அதற்கே கலியாணம் செய்து வையுங்கள்."

முதுகு மட்டும்

இந்தப் பரீட்சையில் குடும்பச் சம்மதத்துக்குத் தனிப் புள்ளி உண்டு. தர்சினிக்குப் புள்ளி முக்கியமில்லை, அம்மாவின் வாயால் ஒரு சொல் வேண்டும். அம்மா வந்தா. முகம் தெரியக்கூடாது, குரலும் வரக்கூடாது, சேர்ச் ஆக்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றா. கமராவுக்கு முதுகைக் காட்டி, மடியில் கைப்பையோடு, படம் பிடித்து முடியும்வரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்தா. வாய் தவறி ஏதாவது வராதா என்ற ஆசையில், முன்னதாகவே மைக்கை மட்டும் குத்தச் சொல்லியிருந்தார் இயக்குநர். நான் குத்தும்போது அவ மெல்லக் கேட்டா: "தம்பி, நீர் இதில வேலை செய்யிறது உம்மட அம்மாவுக்குத் தெரியுமோ?"

வாசலில்

மைக்கைக் கழற்ற மறந்து, அம்மா வாசலுக்குப் போய்விட்டா. பின்னாலே போன மகளின் கையைப் பிடித்துச் சொன்னது என் காதில் விழுந்தது: "கலியாணத்துக்கு வரமாட்டன் பிள்ளை. இண்டைக்கு ரெண்டு பேரும் சாப்பிட வாங்கோ. இருட்டினாப் பிறகு வாங்கோ, முன்வீட்டுச் சனம் பாக்கும். பின் கதவு திறந்திருக்கும்."

அம்மா போனதும் இயக்குநர் ஓடிவந்தார். "என்ன சொன்னா? சம்மதமா?" சாப்பிடக் கூப்பிட்ட அந்த ஒரு பதிவுத் துண்டைக் கொடுத்தால் சம்மதப் புள்ளி கிடைத்து, சோடி தப்பிவிடும். தர்சினியைப் பார்த்தேன். தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அம்மா சும்மா இருமினா என்று இயக்குநருக்குச் சொல்லிவிட்டு, அந்தத் துண்டை அழித்தேன். "அது எனக்குச் சொன்னது, தம்பி," என்றாள் தர்சினி. "ஊருக்குச் சொன்னதில்லை."

தீர்ப்பு

அன்று பின்னேரமே தீர்ப்பு. தன் இரண்டு கலியாணத்தையும் முறித்துக்கொண்டவரான நடுவர், கனிவான முகத்தோடு சொன்னார்: "குடும்பம் வாயே திறக்கவில்லை. நீங்கள் இன்னும் தயாரில்லை."

கீழே வாசலில் வைத்து இருவரின் மைக்கையும் கழற்றினேன். ஆனி மாதம், இங்கே இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் கிடக்கும்; வெயில் இறங்குகிற பாடில்லை. "உடனே அம்மா வீட்டை போறியளோ?" என்று கேட்டேன். தர்சினி வானத்தைப் பார்த்தாள். "இன்னும் வெளிச்சமாக் கிடக்கு, தம்பி. கொஞ்சம் நடந்து திரிஞ்சிட்டுப் போறம்."

கலியாணத்துக்குத் தயாரில்லை என்று நாங்கள் தீர்ப்புச் சொன்ன சோடி, ஒரு வீட்டின் பின் கதவால் நுழைவதற்காக, சூரியன் மறையட்டும் என்று கைகோர்த்துக்கொண்டு மெல்ல நடந்து போனது.