முப்பத்தொன்றும் முப்பத்தெட்டும்

சின்னவன் வீட்டை விட்டுக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறரை மணிக்கு. பாதிப் படி இறங்கியவன் போன் சார்ஜரை எடுக்கத் திரும்பி வந்தான். அவன் அக்கா அதைத் தன் போனில் மாட்டியிருந்தாள்.

“அது என்னோடதுடா. உன்னோடதைத்தான் போன மாசமே மிதிச்சு ஒடச்சியே.”

“நீயே வெச்சுக்க. நீ வாங்கிக் குடுத்த சட்டையைத்தான் போட்டிருக்கேன். அதையும் கழட்டித் தரவா?”

“கழட்டு. இருபத்தேழு வயசாச்சு, இன்னும் என் முதுகுலயே சவாரி.”

“காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டீங்களா ரெண்டு பேரும்?” என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பதற்குள் அவன் தெருவுக்குப் போய்விட்டான். துறைமுகத்தில் தினக்கூலிக்கு ஆள் எடுக்கிறார்களாம். கிடைக்காவிட்டால் அங்கிருந்து வேறெங்காவது. இதைக்கூட அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான். பெரியவள் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இஸ்திரிப் பெட்டி சூடாகியிருந்தது, எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

அவள் வேலை பார்த்த கம்ப்யூட்டர் அறை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், பிணவறைக்கு அடுத்த கதவு. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள் கதவு மாறி உள்ளே வந்துவிடுவதுண்டு. “எனக்கு இன்னும் உயிர் இருக்கு, அடுத்த கதவு” என்பாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. நோயாளிகளின் விவரமெல்லாம் இருந்த சர்வர் வேறொரு கட்டடத்தில் இருந்தது. டெர்மினல் என்கிற கறுப்பு ஜன்னலை இங்கே திறந்து, அங்கே இருக்கும் கோப்புகளைப் பார்ப்பதும் திருத்துவதும் அவள் பிழைப்பு. பன்னிரண்டு வருடமாக அதைச் செய்துவந்தாள். கை வேகம் என்று பெயர் எடுத்தவள். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தம்பி போய் எட்டு நாள் கழித்து, புதன்கிழமை காலை, துறைமுகத்தில் ஒரு கிடங்கு வெடித்தது.

காயம்பட்டவர்களை முதலில் தூக்கிக்கொண்டு போனது துறைமுகத்து வாசலில் இருந்த சின்ன கிளினிக்குக்கு. அங்கே இருந்தது ஒரே ஒரு நர்ஸ். வந்தவர்களின் மணிக்கட்டில் ஒரு எண்ணைக் கட்டினாள். பேர், ஊர், யாருக்குத் தகவல் சொல்வது என்று அவர்கள் வாயில் வந்ததை ஆஸ்பத்திரி சர்வரில் ஒரு பட்டியலாக அடித்தாள். ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினாள். நாற்பத்து மூன்று பேர். ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தபோது பாதிப் பேருக்குப் பேச்சில்லை. முகத்தில் கட்டு, கையில் எண். எந்த எண் யார் என்பது அந்தப் பட்டியலில் மட்டுமே இருந்தது.

கேட்டுக்கு வெளியே சொந்தக்காரர்கள் நெருக்கித் தள்ளினார்கள். பெரிய டாக்டரே கீழே இறங்கி வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

“பட்டியலை எடும்மா, சீக்கிரம். கேட்டை ஒடச்சிட்டு வந்துடுவாங்க.”

எடுத்தாள். திரை முழுக்கக் குப்பை. தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்து, வட்டத்துக்குள் அடைத்த எழுத்து, மறுபடி கொம்பு எழுத்து. வயது, நேரம், ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு இரண்டு என்று போட்ட எண்கள் மட்டும் சுத்தமாகத் தெரிந்தன.

வேறு எந்த நாளாக இருந்தாலும் சிரித்திருப்பாள். முந்தின நாள்தான் அவளுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். எந்த எழுத்துமுறையில் படிக்க வேண்டும் என்று டெர்மினலுக்குச் சொல்லும் செட்டிங் அதில் மாறிக் கிடந்தது. செட்டிங்கைத் திறந்து சரியானதைத் தேர்ந்தெடுத்தால் போதும், கோப்பில் உள்ளது உள்ளபடி தெரியும். பழுது, பார்க்கிற ஜன்னலில்தான்; கோப்பில் இல்லை.

அன்று அவளுக்கு அது தோன்றவில்லை. வெடித்த செய்தி வந்ததிலிருந்து தம்பியின் போனுக்கு இருபது முறை அடித்திருந்தாள், அணைந்தே கிடந்தது. இந்தக் குப்பைக்குள் அவன் இருக்கிறானா என்பது மட்டுமே மண்டைக்குள் ஓடியது. கிளினிக்காரர்கள் பழைய எழுத்துமுறையில் அடித்துத் தொலைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினாள். அப்படி வரும் கோப்புகளை மாற்ற அவளே எழுதி வைத்த ஒரு கட்டளை உண்டு. நடுவழியில் நிற்கக் கூடாது என்பதற்காக, புரியாதது வந்தால் அங்கே கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போ என்றும் அதில் சொல்லியிருந்தாள். நகல் எடுக்கவில்லை. அசல் மேலேயே ஓட்டினாள்.

ஒரு வினாடிகூட ஆகவில்லை. கொம்பெல்லாம் போய், வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள்.

“என்னம்மா இது?”

அவள் நேற்றைய வார்டு கோப்பு ஒன்றைத் திறந்தாள். அதிலும் அதே கொம்பு எழுத்து. முந்தின நாள் நன்றாக இருந்த கோப்பு. அப்போதுதான் கை தானாகவே செட்டிங்குக்குப் போய் மாற்றியது. வார்டு கோப்பு பளிச்சென்று படிக்கும்படி வந்தது. பட்டியலில் கேள்விக்குறி கேள்விக்குறியாகவே இருந்தது. தினமும் இரவில்தான் சர்வர் பிரதி எடுக்கும். பட்டியல் பிறந்ததே அன்று காலையில்.

“சிஸ்டம் கோளாறுன்னு சொல்லிடுவோம்” என்றார் பெரிய டாக்டர்.

“சிஸ்டம் இல்ல சார். நான்.”

“அதை எங்கயும் எழுதி வைக்காத.”

மூன்றாம் மாடிக்கு ஓடினாள். தொற்று வரும் என்று உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். எல்லாரும் வெள்ளைக் கட்டு, எல்லாருக்கும் ஒரே உயரம் போலிருந்தது.

மறுபடி கீழே வந்து ஒரு வேலை செய்தாள். வெற்றுக் கோப்பில் தம்பியின் பேரை அடித்து, அதே கட்டளையை அதன்மேல் ஓட்டினாள். பேரின் நீளத்துக்குத் தக்கபடி இருபத்தொரு கேள்விக்குறி வந்தது. பட்டியலில் பேர் இருந்த இடத்தில் இருபத்தொரு கேள்விக்குறி, ஆண், நர்ஸ் குத்துமதிப்பாக இருபத்தைந்து முதல் முப்பது என்று வயது போட்டவர்கள்: இரண்டே பேர். முப்பத்தொன்றாம் எண், முப்பத்தெட்டாம் எண். மாலை ஐந்து மணிக்குள் இருவரையும் அவள் அறைக்கு அடுத்த கதவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

மறுநாள் கிளினிக்குக்குப் போய்த் தம்பியின் பேரைச் சொல்லிக் கேட்டாள். நர்ஸ் சின்னப் பெண், கண் வீங்கியிருந்தது.

“ஒரு கையால ரத்தத்தை அடைச்சிக்கிட்டு இன்னொரு கையால அடிச்சேன்கா. பேரெல்லாம் எங்க நிக்கும்? ஒரு பன்னெண்டு பேர் ஞாபகம் வருது. அதுவும் பாதி பொம்பளைங்க.”

பிழைத்தவர்கள் வாய் திறந்தார்கள். மோதிரம், பல், பழைய ஆபரேஷன் தழும்பு என்று அடையாளம் சொல்லி மற்றவர்களைச் சொந்தக்காரர்கள் கொண்டுபோனார்கள். மரபணுச் சோதனைக்கு எடுத்த குப்பிகள் குளிர்ப்பெட்டி பழுதானதில் கெட்டுப்போயின. கடைசியில் ஆறு பேர் எண்ணோடு புதைக்கப்பட்டார்கள். அந்த ஆறில் முப்பத்தொன்றும் உண்டு, முப்பத்தெட்டும் உண்டு.

“பட்டியல்ல அவன் பேரு இருக்காடி?” என்று அம்மா கேட்டாள்.

“இல்லம்மா.”

அந்தப் பட்டியலில் யார் பேரும்தான் இல்லை. அம்மா அதோடு நிம்மதியானாள். “சார்ஜர் இல்லாம போனான்ல, அதான் போன் எடுக்க மாட்டேங்குறான். ரோஷக்காரப் பய. எங்கயாவது கப்பல்ல ஏறியிருப்பான்” என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறு வருடமாக அதையே சொன்னாள். பெரியவள் அந்த வீட்டில் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், தூங்கினாள், ஒரு தரம்கூட மறுத்துப் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கேள்விக்குறி அக்கா என்று பேர் விழுந்தது. முகத்துக்கு நேரே சொன்னது பதிவறை குமாஸ்தா ஒருவர்தான். “கேள்விக்குறி, என் ஸ்கிரீன்ல கொம்பு முளைச்சிருக்கு, வந்து வெட்டி விடு.” போவாள். வெளியூர் கிளினிக்குகளிலிருந்து போன் வந்தாலும் எடுப்பாள். “மொதல்ல ஒரு காப்பி எடுங்க. எடுத்தாச்சா? எடுத்தாச்சுன்னு வாயால சொல்லுங்க. இப்ப ஃபைலைத் தொடாம செட்டிங்குக்குப் போங்க.” வேகம் போய்விட்டது. இரண்டு நிமிட வேலைக்கு இருபது நிமிடம் எடுத்துக்கொண்டாள். புதிதாக வந்த அதிகாரி அவளை மந்தம் என்று குறிப்பெழுதினார், அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அந்த நர்ஸும் எப்போதாவது கூப்பிடுவாள். பேச்சு கம்ப்யூட்டரைப் பற்றித்தான் இருக்கும். அந்தப் புதன்கிழமையை இருவரும் எடுக்க மாட்டார்கள்.

ஏழாவது வருடம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது.

“அக்கா, கிளினிக் கட்டடத்தை இடிக்கப் போறாங்க. பழைய சாமானெல்லாம் பிரிச்சோம். அன்னிக்கு நான் அடிச்ச கம்ப்யூட்டர் ஒரு அட்டைப்பெட்டியில கெடந்துச்சு. டெர்மினல்ல வந்தது போனது எல்லாத்தையும் அதுபாட்டுக்கு ஒரு ஃபைல்ல சேத்து வெச்சிருக்கு, எனக்கே தெரியாது. தொறந்தா ஒரே கொம்பு. எதையும் தொடல. காப்பி எடுத்துட்டு செட்டிங்கை மட்டும் மாத்தினேன். நாப்பத்து மூணு பேரும் வந்துட்டாங்க. முப்பத்தொண்ணு நம்ம தம்பிதான்கா. யாருக்குத் தகவல் சொல்லணும்ங்கற எடத்துல ‘அக்கா, பெரியாஸ்பத்திரி கம்ப்யூட்டர் ரூம், கீழ்த்தளம்’னு இருக்கு. அவரு சொன்னதை அப்படியே அடிச்சிருக்கேன். அம்மாகிட்ட நீங்களே சொல்றீங்களா, நானும் கூட வரட்டுமா?”