வயிற்றின் மேல் எடைக்கல்

"...மூச்சு வுடறதுக்கு இன்னாத்துக்குப்பா கதவ சாத்தற? நாங்கல்லாம் தெருவுல நின்னுக்கினுதான வுடறோம்?"

கேட்டவர் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிற அக்கா. அன்று எங்கள் ரேஷன் கடை வரிசையில் அவர்தான் முதல் ஆள். நான் அந்தக் கடையில் அரிசி நிறுத்துக் கொடுப்பவன். அறுபதுகளின் நடுவில், அரிசிக்கு ஊரே அலைந்த காலம் அது. வரிசை கோட்டை ரோடு வரை நீளும். வருகிற மூட்டை பாதிப் பேருக்குக்கூடக் காணாது. மீதிப் பேர் பேசுகிற பேச்செல்லாம் எனக்குத்தான். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கி அரிசி தட்டுக்கு வெளியே சிந்தும். சிந்தினால் அதற்கும் ஒரு பேச்சு: "எலிக்குப் பங்கு வெக்கிறான் பாரு."

ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் போனேன். மல்லாந்து படு, வயிற்றின் மேல் கனமாக ஏதாவது வை, அது மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிற மாதிரி மூச்சு விடு என்றார். மாத்திரை தீர்ந்துபோய் மூச்சைக் கொடுத்து அனுப்புகிறாரோ என்று எனக்கே சந்தேகம். ஆனாலும் செய்து பார்த்தேன். நடுக்கம் நின்றது. அதிலிருந்து, கூட்டம் நெருக்கும்போது கொஞ்ச நேரம் கதவைச் சாத்திவிட்டுக் கோணியை விரித்துப் படுத்துவிடுவேன். கனத்துக்குக் கடையில் வேறென்ன இருக்கிறது? தராசிலிருந்து கிலோ கல்லை எடுத்து வைத்துக்கொள்வேன்.

கதவைச் சாத்தினால் வரிசை சும்மா இருக்குமா? பின்பக்கமாக மூட்டை போகிறது என்றார்கள். கடைக்குப் பின்வாசலே கிடையாது, வெறும் சுவர்தான். அதைச் சொன்னால், "சொவுத்துல ஓட்ட போட எம்மா நேரம்?" என்றார்கள்.

அன்று அக்கா கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டார். தராசில் கல் இல்லை, என் வயிற்றில் இருக்கிறது. எடைக்கல்லின் அடிக்குழியில் ஈயம் ஊற்றி முத்திரை போட்டிருப்பார்கள். அந்த ஈயத்தை நோண்டி எடுத்தால் கல் இளைத்துவிடும். அந்த வேலைதான் உள்ளே நடக்கிறது என்று முடிவு கட்டிக் கதவைத் தட்டித் திறக்க வைத்தார். கம்பவுண்டர் சொன்னதைச் சொன்னேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

தாலுக்கா ஆபீசில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். என் வேலை போக அது போதும். அக்கா என் கையிலிருந்த கல்லை வாங்கிக் கவிழ்த்தார். ஈயத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். எதிரே இருந்த பாயின் மளிகைக் கடைக்கு எடுத்துப்போய் அவருடைய கல்லுக்கு எதிராகத் தராசில் வைத்தார். முள் நடுவில் நின்றது. "பாயி, உன் கல்லு ஒழுங்கா?" என்று அவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

அதற்குள் என் கை மறுபடி நடுங்க ஆரம்பித்திருந்தது. அக்கா அதையும் பார்த்தார்.

"போய் படு. கதவு தெறந்தே கெடக்கட்டும்."

கல்லுக்காகக் கை நீட்டினேன். தரவில்லை. வாசற்படியில் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்து, கல்லை மடியில் வைத்து முந்தானையால் மூடி, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.