ஒரு செம்புத் தண்ணீரும் அறந்தாங்கி வீடும்

வீடு வாங்கப் போகிறவர்கள் இப்போதெல்லாம் என்னிடம் வந்து யோசனை கேட்கிறார்கள். வீடு ஒன்றை வாங்கி, அதிலேயே குடியிருந்து, இன்னும் புத்தி கலங்காமல் நடமாடுகிறவன் என்பதால் எனக்கு அந்தத் தகுதி வந்துவிட்டதாக ஊரில் ஒரு நம்பிக்கை. நானும் உட்காரவைத்து, காபி கொடுத்து, தாராளமாகச் சொல்லுகிறேன். வீட்டை மத்தியான வெயிலில் ஒரு முறை பாருங்கள், நல்ல மழையில் ஒரு முறை பாருங்கள். உத்தரத்தைத் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்றால் சரி. 'பொத்' என்றால் உள்ளே கறையான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்து வீட்டுச் சாக்கடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரரின் குணத்தைத் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அவர் எழுந்திருக்கும்போது, "கிணற்றுத் தண்ணீரை மட்டும் உங்கள் கையாலேயே இறைத்து எடுங்கள்" என்று சொல்லி முடிப்பேன். அப்போது சமையலறையிலிருந்து என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்கும். வந்தவருக்கு ஒன்றும் புரியாது. எனக்குப் புரியும்.

சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். நான் புதுக்கோட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. ஊரார் வீடு வாங்கும் பத்திரங்களெல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கம் உண்டா, வடபுறத்துச் சுவர் யாருக்குப் பாத்தியம் என்று கேட்டு மற்றவர்களைத் திணற அடிப்பதில் எனக்கு நல்ல பெயர். ஆனால் நான் இருந்தது வாடகை வீடு. அந்த வீட்டுக் கிணறு சித்திரையில் வற்றும். ஐப்பசி வரைக்கும் வற்றியதை மறக்காது. என் மனைவி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊருணிக்கு நடந்துகொண்டிருந்தாள். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு அவளுக்கு இடுப்பில் ஒரு வலி வந்து தங்கிவிட்டது. வைத்தியர் தைலம் கொடுத்தார். தைலத்தைத் தேய்த்துக்கொண்டு அவள் மறுபடியும் ஊருணிக்கு நடந்தாள்.

வக்கீல் அறந்தாங்கியில் இன்னொரு ஆபீஸ் திறந்து, அதை என் தலையில் கட்டினார். அறந்தாங்கி அப்போது தஞ்சாவூர் ஜில்லா. போவது சொந்த வீட்டுக்கே போவதாக இருக்கட்டும் என்று நான் வீரமாக அறிவித்தேன். என் மனைவி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"வீடு எப்பிடி வேணா இருக்கட்டுங்க. கெணத்துத் தண்ணி நல்ல தண்ணியா இருக்கணும். இனிமே கொடத்தத் தூக்கிக்கிட்டு நடக்க என் இடுப்பால ஆகாது. தண்ணி சரியில்லன்னா எனக்கு அந்த வீடே வேணாம், சொல்லிப்புட்டேன்."

"குடித்துப் பார்த்துவிட்டே வாங்குகிறேன்" என்றேன்.

"நீங்க குடிச்சா காப்பிக்கும் கசாயத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு செம்புல கொண்டாங்க. பருப்பு போட்டுப் பாக்கணும்."

அவள் பிறந்த ஊர்ப்பக்கத்து வழக்கம் அது. வீடு வாங்குவதானாலும் சரி, பெண்ணைக் கொடுப்பதானாலும் சரி, அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பை வேகவைத்துப் பார்ப்பார்கள். நல்ல தண்ணீரில் பருப்பு மலர்ந்து குழைந்துவிடும். சவரும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீரில் விறகுதான் தீரும். என்னைப் பார்க்க வந்தபோது அவள் வீட்டார் என் சம்பளத்தை மட்டும் விசாரித்துவிட்டுப் போனது அந்தக் குடும்பத்தின் சரித்திரத்தில் ஒரு கவனப்பிசகு.

அறந்தாங்கியில் வீடு கிடைத்தது. பினாங்கில் கடை வைத்திருந்து வயதான காலத்தில் ஊர் திரும்பிய ஒரு பாயின் வீடு. அவர் மகன் இரண்டு தெரு தள்ளிப் பெரிய வீடு கட்டியிருந்ததால் இதை விற்க இருந்தார். நடுவில் முற்றம், நாலு புறமும் சரிந்த நாட்டு ஓடு, பின்கட்டில் கிணறு. நான் உத்தரத்தைத் தட்டினேன். பத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பினாங்கிலிருந்து வந்த கண்ணாடி அலமாரியில் என் முகத்தையும் ஒரு முறை பார்த்துக்கொண்டேன். எல்லாம் திருப்தி. கிணறு ஒன்றுதான் பாக்கி.

இங்கேதான் என் படிப்பு என்னைக் கவிழ்த்தது. மனிதர் என்னை உட்காரவைத்து நன்னாரி சர்பத் கொடுத்திருந்தார். பெரியவர், வாய் நிறையத் 'தம்பி' என்கிறார். அவரிடம் போய், "உங்கள் கிணற்றின் மேல் எனக்குச் சந்தேகம், பருப்பு வேகவைத்துப் பார்க்க வேண்டும்" என்று எப்படிச் சொல்வது? ஒரு பெரிய மனிதரின் நாடியைப் பிடித்துப் பார்ப்பது போல இல்லையா? ஆகவே நாகரிகமாக ஒரு வழி செய்தேன். பையிலிருந்த செம்பை எடுத்து, "பஸ் பிரயாணம், தொண்டை வறளும். வழியில் குடிக்க இதில் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?" என்றேன்.

"இதென்ன கேள்வி தம்பி, தண்ணிக்குமா யோசிக்கிறது!" என்று அவர் செம்பை வாங்கித் திரைக்குப் பின்னால் நீட்டினார். செம்பு உள்ளே போய், நிறைந்து, மேலே ஒரு வாழையிலைத் துண்டால் வாய் கட்டப்பட்டுத் திரும்பி வந்தது. புதுக்கோட்டை பஸ்ஸில் அதை ஒரு கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "காசித் தீர்த்தமுங்களா?" என்று கேட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள விரல் நீட்டினார். கொடுக்கவில்லை. பருப்புக்குக் குறைந்துவிடும்.

என் மனைவி செம்பைத் திறந்ததும் மோந்து பார்த்தாள்.

"ஏங்க, வெட்டிவேர் வாசம் அடிக்குதே!"

இந்த இடத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நான் புத்தகம் படிக்கிறவன். நிலத்தடியில் மண் அடுக்கடுக்காக இருப்பதையும், சில இடங்களில் மூலிகை வேர்களின் சாரம் ஊற்றில் இறங்குவதையும், பழைய காலத்தவர்கள் வாசனையை வைத்தே ஊற்றைக் கண்டதையும் எடுத்துச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பார்த்தாள். பருப்பு வெண்ணெய் மாதிரி வெந்திருந்தது. கரண்டியால் மசித்துப் பார்த்து, "வாங்கிருங்க" என்றாள். அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்துக்காக இன்னொரு வீடும் வாங்கியிருப்பேன்.

வாங்கினோம். பால் காய்ச்சினோம். பால் எந்த வீட்டிலும் பொங்கும். தண்ணீரின் குணத்தைச் சொல்ல அதற்குச் சாமர்த்தியம் போதாது. மறுநாள் சாம்பாருக்குப் பருப்பைப் போட்டபோதுதான் வீடு எங்களோடு பேச ஆரம்பித்தது. நான் ஆபீசுக்குக் கிளம்பும் நேரம் வரை பருப்பு கூழாங்கல் மாதிரி கொதித்துக்கொண்டே இருந்தது.

"என்ன ஆயிற்று?" என்றேன்.

"பருப்பு இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கு" என்றாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, அன்னைக்குக் கொண்டாந்தீங்களே தண்ணி, அத நீங்களா எறைச்சீங்க?"

"அவர்கள் கொடுத்தார்கள்."

"என்னன்னு கேட்டீங்க?"

சொன்னேன். நாகரிகமாகக் கேட்டதைச் சொல்லும்போதே என் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டு போனது எனக்கே கேட்டது.

"வழியில குடிக்கன்னு விருந்தாளி கேட்டா, எந்தப் பொம்பளையாச்சும் சவர்த் தண்ணிய ஊத்திக் கொடுப்பாளா? நான்தான் கொடுப்பேனா?" என்றாள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள். வெட்டிவேர் நினைவுக்கு வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு மூலையிலிருந்த குடத்தைப் பார்த்தாள். அப்போது சிரிக்கவில்லை.

எனக்கு அந்தப் பார்வை பொறுக்கவில்லை. சட்டை மாட்டிக்கொண்டு நேரே பாயின் மகன் வீட்டுக்குப் போனேன். வக்கீல் குமாஸ்தாவுக்குரிய தோரணையில், கிணற்று விஷயத்தை மறைத்தது நியாயமா என்று கேட்டேன். அங்கே இருந்த பாய் பதறிப்போய்விட்டார்.

"அல்லாவே! மறைக்கவா? நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லிருப்பனே தம்பி. அந்தக் கெணத்துத் தண்ணி குளிக்க, தொவைக்கத்தான். நாங்க ஒரு நாளும் அதக் குடிச்சதில்ல. பத்தரம் பத்தரமாப் பாத்தீங்க, ஓடு ஓடா எண்ணுனீங்க, கெணத்த எட்டிக்கூடப் பாக்கல. சரி, இவருக்கு வேற எங்கிட்டோ தண்ணிக்கு ஏற்பாடு இருக்கும்னு நெனைச்சேன்."

திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "வெயில்ல போற புள்ளைன்னு ஊருணித் தண்ணியத் துணியில வடிகட்டி, வெட்டிவேர் போட்ட பானையிலேருந்து ஊத்திக் கொடுத்தேன். நல்லா இல்லையாங்க தம்பி?"

"ரொம்ப நன்றாக இருந்ததுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? மறுபடியும் நன்னாரி சர்பத் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

வாசலில் என் மனைவி காத்திருந்தாள். வாக்குக் கொடுத்தவன் நான். கிணற்றை எட்டிப் பார்க்காதவனும் நான். ஆகவே தீர்ப்புக்கு அதிக நேரம் ஆகவில்லை. "என்னால நடக்க முடியாதுங்க" என்றாள். "உன்னை யார் நடக்கச் சொன்னது?" என்றேன். மறுநாள் விடியற்காலையில் சைக்கிளின் பின்சீட்டில் பலகை கட்டி, இரு பக்கமும் குடத்தைத் தொங்கவிட்டு, ஊருணிக்குப் புறப்பட்டேன்.

அந்தக் காலத்தில் வேட்டியை மடித்துக் கட்டிய ஆபீஸ் மனிதன் குடத்தோடு ஊருணிப் படியில் இறங்குவது ஊருக்கு ஒரு காட்சி. பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு வழி விட்டார்கள். நிறுத்திய பேச்சை என் முதுகுக்குப் பின்னால் தொடர்ந்தார்கள்.

"வக்கீலு குமாஸ்தா வாராரு, ஒதுங்குங்கடி."

"வீட்டுல கேஸு தோத்துப் போச்சு போல, ஆத்தா."

"அப்பீலு இல்லையாக்கும்!"

அப்பீல் இல்லைதான். ஆனால் மழைக்காலத்தில் வாய்தா கிடைத்தது. முதல் ஐப்பசியில் முற்றத்து ஓட்டிலிருந்து கொட்டிய தண்ணீரை என் மனைவி அண்டாவில் பிடித்துப் பருப்பைப் போட்டுப் பார்த்தாள். குழைந்தது. அன்றிலிருந்து எனக்கு இரண்டாவது உத்தியோகம் கிடைத்தது. புரட்டாசியில் ஏணி வைத்து ஏறி, ஓட்டில் கிடக்கிற வேப்பஞ்சருகையும் அணில் கூட்டையும் பெருக்கித் தள்ள வேண்டும். உடைந்த ஓட்டை மாற்ற வேண்டும். நடுவில் மிதித்தால் நீங்களும் மாற்றப்படுவீர்கள், இரண்டு ஓடுகள் சேருகிற இடத்தில் மெதுவாகக் கால் வைக்க வேண்டும். முதல் மழையை ஓட்டைக் கழுவ விட்டுவிட வேண்டும். அடுத்த மழைக்குத் தகரத் தூம்பின் வாயில் வெள்ளைத் துணி கட்ட வேண்டும். வீட்டைப் பராமரிப்பது பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்படி, குடம் தூக்குவதற்குப் பயந்து கற்றுக்கொண்டதுதான். வரிசையாக நிரப்பி வைத்த அண்டாக்கள் மாசி வரைக்கும் தாங்கும். பிறகு சைக்கிள்.

வருஷங்கள் ஓடின. போன வருஷம் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு விலைக்கு வந்தது. இம்முறை நான் சர்பத்தை மறுத்துவிட்டு நேராகக் கிணற்றடிக்குப் போனேன். வாளியைக் கேட்டு வாங்கி, என் கையால் இறைத்து, என் செம்பில் ஊற்றிக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் மனைவி மோந்து பார்த்தாள். வாசனை இல்லை. பருப்பைப் போட்டாள். நான் அடுப்படியிலேயே நின்றேன். பருப்பு மலர்ந்து, குழைந்து, பழைய வெண்ணெய்க் காட்சி அப்படியே திரும்பி வந்தது.

"பார்த்தாயா?" என்றேன். "இந்தத் தடவை நானே இறைத்தேன். வாசலை விட்டு நீ இறங்க வேண்டாம். பின்கட்டிலேயே நல்ல தண்ணீர். பேசி முடிக்கட்டுமா?"

அவள் கரண்டியால் பருப்பை மசித்தாள். உப்புப் போட்டாள். அவசரமே இல்லை.

"அங்கிட்டுப் போனா நாந்தான எறைக்கணும்?" என்றாள். "இங்க நல்ல தண்ணி தானா சைக்கிள்ல வந்து எறங்குது. இத விட்டுட்டு யாரு போவா?"

நான் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனேன்.