ஸ்டேஷனில் பிசைந்த மாவு

எங்கள் வீட்டில் யாரும் சாராயம் காய்ச்சியதில்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ, சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோயிற்று. நாங்கள் ரொட்டி சுட்டோம். அவ்வளவுதான் நாங்கள் செய்த குற்றம்.

என் வீட்டுக்காரர் கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்கார அம்மாளின் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். அந்த அம்மாள் கப்பலேறிய பிறகு, பஜாருக்கு மேலே பின்கட்டில் செங்கல் அடுப்புள்ள ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். மாவு என் கை, அடுப்பு அவர் கை. சீசனில் ஓட்டல்காரர்கள் வாங்குவார்கள். மற்ற மாதங்களில் எங்களுக்குச் சோறு போட்டது, தினமும் ரொட்டி வாங்கிய ஒரு மிஷன் பள்ளிக்கூடம்தான்.

கீழே ஊர்ப்பக்கங்களில் ரொட்டி மாவைப் புளிக்க வைக்கக் கள் ஊற்றுவார்கள். மதுவிலக்கு வந்து கள்ளுக்கடைகளை மூடியபின் அதற்கு வழியில்லை. நாங்கள் உருளைக்கிழங்கை அவித்து மசித்து, சர்க்கரையும் மாவும் கலந்து, ஜாடியில் நுரைக்க விடுவோம். அதற்குப் புளிப்பு என்று பேர். மலைக்குளிரில் அது லேசில் நுரைக்காது. ஆகவே ஜாடியைக் கம்பளியால் சுற்றி, அடுப்புச் சூடு படுகிற மாதிரி விறகுக்குப் பின்னால் வைப்போம்.

ஒருநாள் போலீஸ் ஸ்டேஷன் ஏட்டையா மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தார். விறகுக்குப் பின்னால் ஒளித்துவைத்த ஜாடி, மேலே கம்பளி, திறந்தால் நுரை, புளித்த வாடை. சாராய ஊறல் என்று அவர் நினைத்ததை நான் தப்புச் சொல்லமாட்டேன். விரலை விட்டு நக்கிப் பார்த்தார். தூ என்று துப்பினார்.

"என்னம்மா இது, கெளங்குக் கஞ்சியா?" என்றார்.

தெரிந்துவிட்டதல்லவா? அத்தோடு போயிருக்கலாம். கூட வந்த போலீஸ்காரர் சிரித்துவிட்டார். ஏட்டையாவுக்கு முகம் கறுத்தது. ஜாடியைத் தூக்கி வெளியே சாக்கடையில் கவிழ்த்துவிட்டு நடந்தார்.

புதுப் புளிப்பு தேறி வர நாலைந்து நாள் ஆயிற்று. அதுவரை நாங்கள் சுட்ட ரொட்டியை எறிந்திருந்தால் நாய்க்கு மண்டை உடைந்திருக்கும். பள்ளிக்கூடத்து பட்லர் நேரிலேயே வந்தார்.

"இன்னொருக்கா இப்படி வந்துச்சுன்னா வத்தலக்குண்டுல இருந்து பஸ்ஸுல ரொட்டி தருவிச்சுக்கிருவோம். பள்ளிக்கூடத்துப் பெரியம்மா கண்டிசனாச் சொல்லிட்டாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பூண்டு மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு நாலு பேர் கேட்கக் கத்தினேன். "கெளங்கு மாவ நக்கிப் பாத்துட்டுச் சாராயம்னு சாக்கடையில கொட்டுன மகராசன் நம்ம ஏட்டையாதேன்!" சந்தையே சிரித்தது.

மறுநாளிலிருந்து எங்கள் வாசலில் ஒரு போலீஸ்காரர் நின்றார். ரொட்டி வாங்கிப் போகிறவர்களின் பையைத் தடவிப் பார்த்தார். ஒருதரம் தடவப்பட்டவள் மறுபடி வருவாளா? மாவு மூட்டைக்குள் லத்தியை விட்டுக் குடைந்தார்கள். மழையில் நனைந்த லத்தி! அதுவும் போதாதென்று, தினமும் வெள்ளனே ஸ்டேஷனுக்கு வந்து உட்கார வேண்டும் என்று எனக்கு உத்தரவு. எதற்கு என்று கேட்டால், "சும்மா விசாரணை." ஏட்டையா வரும்வரை வராந்தா பெஞ்சில் காத்துக் கிடப்பேன். வந்ததும் என்னை ஒரு பார்வை பார்ப்பார். "சரி, போ, நாளைக்கு வா" என்பார். அதுதான் விசாரணை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் மாவு பொங்கி வழிந்து, அமுங்கி, புளித்துக் கிடக்கும். என் வீட்டுக்காரர் மாவைப் பார்த்தால் அடுப்பு அணைந்துவிடும், அடுப்பைப் பார்த்தால் மாவு போய்விடும். ஒற்றை ஆள் என்ன செய்வார்?

ஆனாலும் அவர்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். வருஷக்கணக்காகத் துரைகளுக்குச் சலாம் போட்ட மனுஷர். காக்கித் தொப்பியைக் கண்டால் முதுகு தானாக வளையும். "நமக்கு எதுக்கு போலீஸ் சோலி? வாயப் பொத்திக்கிட்டு ஒக்காந்துட்டு வா" என்பார். இப்படியும் ஒரு ஆம்பிளையா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே போவேன்.

பட்லர் திரும்பவும் ஆள் அனுப்பினார். நாளைய ரொட்டி சரியில்லையென்றால் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்று சேதி.

மறுநாள் விடியற்காலையில் மாவைக் கலந்தேன். மரத்தொட்டியோடு தலையில் தூக்கி வைத்தேன்.

"எங்க கொண்டு போற?" என்று அவர் பதறினார்.

"ஸ்டேஷனுக்குத்தான். கூப்பிட்டிருக்காங்கல்ல!"

வராந்தா பெஞ்சில் தொட்டியை வைத்துப் பிசைய ஆரம்பித்தேன். பஜாருக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஜீப் டிரைவர் ஒருவர் ரொட்டி இருக்கிறதா என்று கேட்டார். மாவுக்குக் கம்பளியைப் போர்த்தி வைத்த சமயத்தில் ஏட்டையா வந்தார்.

"ஏய், இதென்ன ஸ்டேசனா, அடுப்படியா?"

"நீங்க வரச் சொன்னீங்க, வந்துட்டேன். மாவ விட்டுட்டு வர முடியல. அதையும் சேத்து விசாரிச்சிருங்க."

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து சப் இன்ஸ்பெக்டர் வந்தார். என்ன கேஸ் என்று கேட்டார். ஏட்டையா தொட்டியைக் கைகாட்டினார். கேஸ் என்று ஒன்று இருந்தால்தானே சொல்ல!

"எடுத்துட்டுப் போம்மா" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

"போறேன். ஆனா நாளைக்கு நான் வரமாட்டேன். என் வாசல்லயும் ஆள் நிக்கக் கூடாது."

"வாய் ஜாஸ்தியா இருக்கே. இவ புருஷன் எங்க?"

அவர் ஸ்டேஷன் கேட்டுக்கு வெளியேதான் நின்றிருந்தார். என் பின்னாலேயே வந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. அடுப்பை எரியவிட்டு வந்துவிட்டாரே, போச்சு, காலில் விழப்போகிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"இவளக் கூட்டிட்டுப் போய்யா" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

அவர் உள்ளே வந்தார். தொட்டியைத் தொடவில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். போலீஸ்காரர் முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது.

"வாசல்ல ஆள் நிக்காதுன்னு சொல்லுங்கய்யா. சொன்னாத்தான் தூக்குவோம்."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. சப் இன்ஸ்பெக்டர் ஏட்டையாவைப் பார்த்தார், வெளியே கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்தார்.

"நிக்காது. எடுத்துட்டுப் போங்க."

ஆளுக்கு ஒரு பக்கமாகத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு மேடேறினோம். அவர் ஸ்டேஷனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்னங்க, எதுக்கு இப்படித் திரும்பிப் பாக்குறீங்க? பயமா?"

"பயமாத்தேன் இருக்கு. பயந்துக்கிட்டேதான் சொன்னேன். நீ வெரசா நட, மாவு அமுங்கிரும்."