செம்புக் காப்பும் கார் பேட்டரியும்

இன்று மாலை வெண்ணந்தூரில் செங்கோடன் வீட்டில் இருந்தேன். யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் நிற்கும் அவர் காரின் பேட்டரியைக் கழற்றி மாட்டினால்தான் ரேடியோ பேசும். மகன் பட்டாளத்தோடு மலேயாவில் இருக்கிறான். செய்திக்குக் கால் மணி நேரமே இருந்தது.

டிரைவர் எழுதிவைத்துப் போன சீட்டை நான் உரக்கப் படித்தேன். "காரின் உடம்போடு சேர்ந்த கம்பியை முதலில் கழற்றவும். கையில் போட்டிருக்கும் உலோகம் பட்டால் தீப்பொறி பறக்கும்."

செங்கோடனின் கையில் செம்புக் காப்பு.

"அதைக் கழட்டிருங்க" என்றேன்.

"பையன் ஊடு திரும்பற வரைக்கும் கழட்டறதில்லீங்க. சாமிக்கு நேந்தது." ஸ்பேனரோடு குனிந்துவிட்டார்.

நான் என் கைக்கடிகாரத்தைக் கழற்றுவதற்குள் அவர் மனைவி பாவாயி ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டார். "எங்கையில கண்ணாடி வளையல்தானுங்க. நீங்க ரண்டு பேரும் தள்ளி நில்லுங்க!"

முதலில் உடம்புக் கம்பி, பிறகு மற்றது. ஒரு பொறிகூடப் பறக்கவில்லை. பேட்டரியை ரேடியோவில் மாட்டினோம்.

செய்தியில் மலேயாவுக்கு ஒரே வரிதான். மகனின் படையைப் பற்றி எதுவும் இல்லை.

"ஏனுங்க, சொல்லாட்டி நல்ல சேதிதானுங்களே?" என்று பாவாயி என்னைக் கேட்டார்.

முப்பது வருடமாகப் பத்திரிகையில் செய்தி எழுதுகிறேன். பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளை மாலையும் அங்கே போக வேண்டும்.